கேட்டில் நிற்கிற படிப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு சாயங்காலம். நாரணாபுரத்தில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், கடற்படையில் அதிகாரியாக இருந்த ஒரு அம்மையார் என்று நாலு பேர் இருந்தோம். தாய்மாமா மட்டும் இல்லை. எனக்கு வேலை கேட்டு, அப்பா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் மேனேஜரைப் பார்க்கப் போயிருந்தார். கேட் செக்யூரிட்டி வேலை.

எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். டிகிரி முடித்து, சென்னையில் பாதுகாப்பியல், அதாவது நாட்டின் பாதுகாப்பைத் திட்டமிடும் படிப்பில், எம்.ஏ. படிக்க இடமும் கிடைத்துவிட்டது. அப்படிச் சொன்னால் புரியாதே என்று, "செக்யூரிட்டி படிப்பு" என்று வீட்டில் சொல்லித் தொலைத்தேன். எங்கள் பக்கம் செக்யூரிட்டி என்றால் விசிலோடு கம்பெனி வாசலில் நிற்பவர்தான்.

"கேட்ல நிக்கதுக்கு எதுக்குலே ரெண்டு வருசம்? நாளைக்கே நிக்கலாம்லா" என்ற அப்பா, விடுதி விண்ணப்பத்தில் கைநாட்டு வைக்க மறுத்துவிட்டார். விண்ணப்பம் தர மறுநாள்தான் கடைசி நாள்.

அந்த அம்மையார் அன்று விருதுநகரில் ஒரு கல்லூரிக்குப் பேச வந்திருந்தார். கடற்படையின் திட்டமிடல் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, நான் சேர வேண்டிய துறையில் பாடம் நடத்துபவர். பேச்சு முடிந்ததும், சேர முடியவில்லை என்று சொல்லப் போனேன். காரணத்தைக் கேட்டவர் சிரிக்கவில்லை. "வீடு எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் அவர் கடலைப் பற்றிப் பேசவே இல்லை. அப்பாவிடம், "உங்க கம்பெனியில ஒரு ரூமுக்கு எத்தனை பேர்?" என்றார்.

"நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாதும்மா. ரூமையும் தள்ளித் தள்ளித்தான் கட்டிருக்காக."

"ஏன்?"

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மாதான் சொன்னாள். "ஒண்ணு வெடிச்சா மத்தது தப்பிக்கணும்லா. அந்தத் தூரம் இருக்கப்போய்த்தான் நான் இங்கன உக்காந்திருக்கேன்."

அதற்கு ஆறு வருடம் முன், அதே கம்பெனியில் அடுத்த அறை வெடித்தபோது பிழைத்தவள் அவள்.

"அந்தத் தூரத்தை யாரோ ஒருத்தர் வெடிக்கிறதுக்கு முன்னாடியே யோசிச்சு வச்சிருக்காங்க. கடற்படையில நான் பார்த்த வேலையும் அதுதாங்க. எந்தக் கப்பல் எங்க நிக்கணும், எது எது ஒரே இடத்துல சேரக் கூடாதுன்னு முன்னாடியே யோசிக்கிறது. உங்க பையன் படிக்கப் போறதும் அதைத்தான்."

"அப்ப இவன் கேட்ல நிக்க வேண்டாமா?" என்றார் அப்பா.

"வேண்டாம். கேட்டை எங்க வைக்கணும்னு யோசிச்சாப் போதும்."

அப்பா சிரித்துவிட்டார். "ஏலே, ஒங்க மாமனுக்குப் போனப் போடு. யூனிபார்முக்கு அளவு குடுத்துறப் போறான்!"

பேனா மையைத் தடவி அப்பா வைத்த கைநாட்டின் ஓரம், பட்டாசு வேலையில் விரலில் ஒட்டிய அலுமினியப் பொடியால் வெள்ளியாக மின்னியது. அந்தத் தாளை அந்த அம்மையாரே தன் பையில் வைத்துச் சென்னைக்கு எடுத்துப் போனார்.

எங்கள் வீட்டுக்கு வந்ததால் அவர் ரயிலைத் தவறவிட்டு, பேருந்தில் நின்றுகொண்டே போனார் என்பது வகுப்பில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இன்று கடல் பாதுகாப்பு பற்றி ஆய்வு செய்கிறேன். புது வரைபடத்தை விரிக்கும்போதெல்லாம் அம்மாவுக்கும் வெடித்த அந்த அறைக்கும் நடுவில் இருந்த தூரம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதை எனக்குப் படிப்பாக மாற்றித் தந்த அந்த அரைமணி நேரத்துக்கு எங்கள் வீட்டில் ஆன செலவு, அவருக்கு வாங்கிக் கொடுத்த ஒரு பன்னீர் சோடா, இருபது ரூபாய்.