புதுத் தேதி ஒட்டிய டப்பாக்கள்

என் வீட்டுக்காரரைப் போல நாணயமான மனுஷன் கிடையாது என்று தெருவே சொல்லும். கடையில் தவறிப்போய்ச் சில்லறை கூடுதலாகக் கொடுத்துவிட்டால், கொளுத்தும் வெயிலில் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருவார். அதே மனுஷன்தான் படுக்கையறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் ஹேர் டிரையரால் டப்பாக்களுக்குச் சூடு காட்டிக்கொண்டிருப்பார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்து வீட்டிலேயே சர்க்கரை பார்ப்பவர்கள் வாங்கும் ஸ்ட்ரிப் டப்பாக்கள் அவை. காலாவதியானது என்று மருந்து ஏஜென்சிகள் கழித்துப் போடுவதை அள்ளிக்கொண்டு வந்து ஆன்லைனில் விற்பார். சூட்டில் தேதி ஸ்டிக்கர் இளகும். நகத்தால் உரித்துவிட்டுப் புதுத் தேதி ஒட்டுவார். ஓரம் துளி கோணினாலும் பிய்த்து மறுபடி ஒட்டுவார். அவ்வளவு சுத்தமாம்!

"தேதியெல்லாம் கம்பெனிக்காரன் பண்ற வேலை. கெட்டுப்போறதுக்கு இது என்ன பாலா?" என்பார்.

"அப்ப பழைய தேதியோடயே வித்துப் பாருங்களேன்."

"அதை எவன் வாங்குவான்?"

தன் வாயாலேயே சொல்கிறார், தன் காதில் விழுந்தால்தானே!

நான் மட்டும் என்ன ஒழுங்கு? வாங்குகிறவர்களுக்குப் பதில் போடுவது என் வேலை. யாராவது பாராட்டினால், தயாராக வைத்திருக்கும் வரியை அப்படியே ஒட்டிவிடுவேன். அன்று காலையில் ஒரு பாராட்டு வந்தது. "நான் தையல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் ஸ்ட்ரிப்பில் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து சர்க்கரை குறைவாகவே காட்டுகிறது. மாத்திரையைப் பாதியாக்கிவிட்டேன். ஐந்து ஸ்டார்."

அடுப்பில் பால் பொங்கும் அவசரம். "மிக்க மகிழ்ச்சி! தொடர்ந்து எங்களிடமே வாங்குங்கள்" என்று ஒட்டிவிட்டேன். அடுப்பை அணைக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. குறைந்தது சர்க்கரை இல்லை, காலாவதியான ஸ்ட்ரிப் பொய் சொல்கிறது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!

'அதை நம்பாதீங்க, உடனே டாக்டரைப் பாருங்க' என்று எழுதி அனுப்பினேன். விற்பவர்கள் மருத்துவ ஆலோசனை சொல்லக் கூடாது என்று அந்தத் தளம் செய்தியைத் தடுத்துவிட்டது. தேதியை மாற்றி விற்கலாம், எச்சரிக்கத்தான் கூடாதாம். தலையில் அடித்துக்கொண்டு இவரிடம் ஓடினேன்.

இவர் போனை வாங்கிப் பார்த்தார். முகமெல்லாம் பல். "அஞ்சு ஸ்டாரா!"

எனக்கு வந்ததே கோபம்! "மாத்திரையைக் குறைச்சுட்டாருங்க அந்த மனுஷன். செத்துகித்துப் போனா?"

"அவர் குறைச்சதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"ஆர்டர்ல விலாசம் இருக்கு. நான் போறேன்."

நான் ஏதாவது உளறிவிடுவேனோ என்ற பயத்தில் இவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இரண்டு பஸ் மாறிப் போனோம். "பணத்தைத் திருப்பிக் கொடுத்துடலாம், வேற எதுவும் பேசாதே" என்று வழியெல்லாம் காதைத் தின்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தையல்காரர்தான் கதவைத் திறந்தார். நாங்கள் யார் என்று சொன்னதும், "ஸ்டார் போட்டதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று பூரித்துப்போய் நாற்காலியை இழுத்துப்போட்டார். நொண்டிக்கொண்டே நடந்தார். கால் பெருவிரலில் கட்டு.

"கால்ல என்னங்க ஐயா?" என்றேன்.

"கதவுல இடிச்சுக்கிட்டேம்மா. மூணு வாரமா ஆறவே மாட்டேங்குது. சுகர்தான் நல்லா இருக்கே, ஆறிடும்னு விட்டுட்டேன்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் கண் அந்தக் கட்டைவிட்டு நகரவில்லை. வாங்குகிற ஒருவரை இவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பணத்தை எடுக்கப் பைக்குள் விட்ட கையை வெறுமனே வெளியே எடுத்தார்.

"ஐயா, செருப்பைப் போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அந்த ஸ்ட்ரிப் காலாவதியானது. புதுத் தேதி ஒட்டினது நான்தான்" என்றார் இவர்.

தையல்காரர் எழுந்திருக்கவில்லை. அலமாரியிலிருந்த டப்பாவை எட்டி எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒட்டிய இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவையும் தேதியைப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் தம்பி குத்திக்கிட்டேன்" என்றார்.