செங்காரியின் புருஷன் வந்த பக்கம்

ஹமீதுன்னிசா என்கிற பேரை நான் முதன்முதலில் கேட்டது அவள் புருஷன் வாயிலிருந்துதான். காசிம் பாய் அப்போது டிவிஎஸ் வண்டியில் போர்வை, லுங்கி எல்லாம் கட்டிக்கொண்டு எங்கள் ஊர்ப்பக்கம் விற்க வருவார். என் ஓரகத்தி ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு விலையைக் குறைக்கச் சொன்னாள்.

"ஹமீதுன்னிசாவைக் கேட்டுட்டு வந்து சொல்றேங்க" என்றார்.

எங்கள் ஊரில் எந்த ஆம்பளையும் பெண்டாட்டி பேரை நாலு பேர் எதிரில் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. என் மாமியார்கூடச் சிரித்துவிட்டார்.

"யாருங்க பாய் அது, உங்க மொதலாளியா?" என்றாள் ஓரகத்தி.

"ஆமாங்க. வூட்டு மொதலாளி."

அந்த முதலாளியை நான் கண்ணால் பார்த்தது பல வருசம் கழித்து, நல்லம்பள்ளியில் புளி தட்டுகிற கொட்டகையில். அதற்குள் காசிம் பாய் பெங்களூர் போய்விட்டிருந்தார். கடை பிடித்து வைத்துவிட்டு வந்து கூட்டிப்போகிறேன் என்று போனவர், போனவர்தான். வேறு குடும்பத்தோடு பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். அதெல்லாம் இல்லை, உடம்புக்கு முடியாமல் கிடக்கிறார் என்று இன்னொருத்தர். எது நிஜமோ. அவளுக்குப் பிள்ளை இல்லை. கூடப்பிறந்த அக்கா ஒருத்தி வாணியம்பாடியில் இருந்தாள், அவளும் கண்ணை மூடிவிட்டாள். அக்கா மக்கள் ஆம்பூரில் இருக்கிறார்கள். ரம்ஜானுக்கு போன் பண்ணுவார்கள். அப்போதெல்லாம் சாயங்காலம் அவள் வீட்டுப் பக்கம் போனால் தெருக்கதவு எப்போதும் ஒருக்களித்தே கிடக்கும். அவர் வந்தால் கதவைத் தட்டி நிற்கக் கூடாதாம்.

கொட்டகையில் எங்கள் வேலை இப்படி. தை பிறந்தால் புளி வந்து இறங்கும். காலையில் கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுப்போம். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் பேசுவதே கேட்காது. சோற்றுக்குப் பிறகு நார் உரிக்க உட்காருவோம். அது சத்தமில்லாத வேலை; கை பாட்டுக்கு நடக்கும், வாயும் காதும் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில்தான் ஹமீதுன்னிசா புத்தகம் படிப்பாள். எடைக்குத்தானே கூலி, படிக்கிறவள் கை நின்றுபோகுமே! அதனால் ஆளுக்கொரு கைப்பிடி புளி எடுத்து அவள் குவியலில் வைப்போம். யாரும் சட்டம் போடவில்லை. குள்ளம்மாள் ஒருநாள் வைத்தாள், எல்லோரும் வைத்தோம். குள்ளம்மாள் எனக்கு நாத்தனார் முறை. என் சின்ன மாமியாரின் மூத்த மகள்.

புத்தகம் ஒன்றே ஒன்றுதான், தலையணை தடிமன். காசிம் பாய் தர்மபுரியில் பழைய பேப்பர் கடையில் வாங்கிக்கொடுத்தது. மந்திரமும் மாயமுமான கதை. ராஜா மகன் ஒருவன், பேசுகிற கழுதை ஒன்று, ஏழு மலைக்கு அப்பால் ஒரு கல் கதவு. அந்தக் கதவுக்குக் காவல் செங்காரி. ஆறடிக்கு மேலே உயரம், பாதி முகம் தீயில் வெந்தது, உள்ளங்கையில் தீயை ஏந்திக்கொண்டு நிற்பாள். அவள் புருஷன் அந்தக் கதவைத் தாண்டிப் போனவன். அவன் வரும்வரை மூடமாட்டேன் என்று காத்திருப்பாள். ராஜா மகனை எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. செங்காரி வந்துவிட்டால் நார் உரிக்கிற கை நின்றுவிடும்.

வேலை முடிகிற கடைசி நாளில், பங்குனியில், வருசா வருசம் ஒரே பக்கத்தைத்தான் படிக்கச் சொல்வோம். செங்காரியின் புருஷன் திரும்பி வருகிற பக்கம். மழையில் நனைந்து வருவான். அவள் திடுக்கிட்டுப் போகக்கூடாது என்று தூரத்திலேயே நின்று ரெண்டு தடவை இருமுவான். அந்த இருமலைக் கேட்டதும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"ஏழு மல தாண்டி வந்தவனுக்கு இருமல் மருந்து குடுத்தாளா இல்லையாடி?" என்று குள்ளம்மாள் வருசம் தவறாமல் கேட்பாள். வருசம் தவறாமல் கண்ணையும் துடைத்துக்கொள்வாள்.

மூன்று வருசத்துக்கு முன்னால் அந்தக் கதையைப் படமாக எடுத்துவிட்டார்கள். பொங்கலுக்கு தர்மபுரியில் வந்தது. பாஞ்சாலிதான் போஸ்டரைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். எங்களில் அவள் சின்னவள், என் தங்கச்சி சம்பந்தி வீட்டுப் பெண். ஒரு கும்பலாக பஸ் ஏறினோம். ஹமீதுன்னிசா மட்டும் வரவில்லை என்றாள்.

"தலவலிங்க அக்கா."

"அதெல்லாம் இருட்டுல போய் உக்காந்தா போயிரும். பாயம்மா இல்லாம நம்ம செங்காரி நம்மளப் பாத்து யாருன்னு கேப்பா" என்று குள்ளம்மாள் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

படத்தில் செங்காரி வந்தாள். ஒல்லியாக, இருபது வயசில், முகத்தில் ஒரு பரு கூட இல்லாமல். அருவியில் குளித்து ராஜா மகனோடு ஒரு பாட்டு ஆடினாள்.

"இவ யாருடி?" என்றாள் குள்ளம்மாள்.

"செங்காரிதான் அக்கா" என்றாள் பாஞ்சாலி.

"செங்காரிக்குப் பேத்தியா இருப்பா. வெந்த மூஞ்சி எங்க? அந்த ஒடம்பு எங்க? இந்தக் கையில தீயை வெச்சா கை ஒடிஞ்சு வுழுந்துருமே!"

பேசுகிற கழுதையையும் எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு குண்டு ஆளைப் போட்டிருந்தார்கள். முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். போகட்டும், கடைசியில் புருஷன் வருவானே என்று உட்கார்ந்திருந்தோம். கல் கதவு வந்தது. மழை வந்தது. செங்காரி நின்றாள். தியேட்டரே அமைதியாக இருந்தபோது பாஞ்சாலி பொறுக்கமாட்டாமல் ரெண்டு தடவை இருமினாள், அவனுக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி. அவன் வரவில்லை. செங்காரி கையிலிருந்த தீ அணைந்தது. காலிலிருந்து மேலே கல்லாகிப்போனாள். விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போது படம் எடுத்தவனை வைதது கொஞ்சநஞ்சமில்லை. "மூஞ்சிய மாத்துனான், செரி. வந்த புருஷனயும் வராம அடிச்சுட்டானே பாவி" என்று குள்ளம்மாள் நல்லம்பள்ளி வரும்வரை ஓயவில்லை. ஹமீதுன்னிசா என் பக்கத்தில்தான் இருந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பியவள் திரும்பவே இல்லை.

அந்தப் புளி சீசன் முழுக்கக் கொட்டகையில் இதே பேச்சு. பங்குனிக் கடைசி நாள் வந்தது. சோறு தின்று, கை கழுவி, நார் உரிக்க உட்கார்ந்தோம்.

"படத்துக்காரன் பண்ணுன பாவத்தக் கழுவி வுடு பாயம்மா. படி" என்றாள் குள்ளம்மாள்.

அவள் புத்தகத்தைப் பிரித்தாள். மற்ற வருசமெல்லாம் அந்தப் பக்கத்தை எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். மனப்பாடம் போல என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு விரலை வரியில் வைத்துப் படித்தாள்.

"பருவங்கள் மாறின. கதவு திறந்தே இருந்தது. அதன் வழியே வந்தது காற்று மட்டும். செங்காரி தன் கைத் தீயைத் தானே அணைத்தாள். பாதம் முதலில் கல்லாயிற்று."

"இரு, இரு. பக்கத்த மாத்தி எடுத்துட்ட."

"இல்லைங்க அக்கா. இதான் பக்கம்."

"அப்ப அவன் வந்தது? இருமுனது?"

"அது புஸ்தகத்துல இல்லைங்க."

குள்ளம்மாள் கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள். அவளே சொன்னாள். "படம் எடுத்தவரு மூஞ்சிய மாத்துனாரு, வயச மாத்துனாரு, கழுதய எடுத்துட்டாரு. இது ஒண்ண மட்டும் மாத்தல. மாத்துனது நானுங்க. நீங்க தெனமும் அந்த ஆள வைறீங்க, எனக்குக் கேக்க முடியல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காசிம் பாய் எங்கள் வாசலுக்கு வரும்போதும் வேலிக்கு அந்தப் பக்கமே நின்று ரெண்டு தடவை இருமிவிட்டுத்தான் வருவார். வீட்டுப் பெண்கள் எப்படி இருக்கிறார்களோ என்று ஒரு மரியாதை. குள்ளம்மாளும் அவரிடம் போர்வை வாங்கியவள்தான். அவளும் என்னைப் பார்த்தாள்.

அப்புறம் குள்ளம்மாள் குரலை இறக்கிச் சொன்னாள். "புஸ்தகம் கெடக்குது வுடு. நீ எப்பவும் சொல்றாப்புலயே சொல்லு. எங்களுக்கு அதான் கதை."

ஹமீதுன்னிசா புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள். "மழை பெய்யுது. செங்காரி கதவோரமா நிக்கறா..." என்று ஆரம்பித்தாள். அந்த இடம் வந்ததும் நின்றுவிட்டாள். நாங்கள் காத்திருந்தோம்.

"வரமாட்டேங்குதுங்க அக்கா. அன்னிக்குப் படத்துல கண்ணால பாத்துட்டேன். அவ கல்லாவறதுதான் தெரியுது."

குள்ளம்மாள் ஒரு கைப்பிடி புளி எடுத்து அவள் குவியலில் வைத்தாள். எல்லோரும் வைத்தோம். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் தான் உரித்ததை மட்டும் எடைக்குப் போட்டுவிட்டு, நாங்கள் வைத்ததைத் தனியாக ஓரமாகக் குவித்துவிட்டுப் போய்விட்டாள்.

இப்போதும் தை பிறந்தால் கொட்டகைக்கு வருகிறாள். சோற்றுக்குப் பிறகு பாஞ்சாலி போனில் பாட்டு வைக்கிறாள். ஹமீதுன்னிசாவும் எங்களோடு உட்கார்ந்து நார் உரிக்கிறாள். புத்தகம் கொண்டுவருவதில்லை. ஹமீதுன்னிசா நல்லம்பள்ளியில் அதே வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள். பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை முடிந்ததும் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறாள்.