கட்டி அனுப்பும் பார்சல்

இரத்தம் எடுக்க வருபவளைப் பார்த்துச் சிரித்த நோயாளியை நான் இன்னும் காணவில்லை. என்னைப்போல் ஊசி பிடிக்கும் மற்றவர்களுக்கும் இதே கதிதான் என்று நினைக்கிறேன். மட்டக்களப்பில் ஒரு புற்றுநோய் கிளினிக்கில், ஆராய்ச்சிக்காக இரத்தம் எடுப்பது என் வேலை.

கட்டி எங்கே, ஊசி எங்கே?

பழுகாமத்து நெல் வெள்ளாமைக்காரர் ஒருவர் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கட்டி அங்கே இருக்க, கையில் ஏன் குத்துகிறாய் என்று கோபம். கட்டியானது எக்சோசோம் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளை இரத்தத்தில் விடுகிறது; அவை ஈரலுக்கோ நுரையீரலுக்கோ முன்னதாகவே போய், புற்றுநோய்க் கலங்கள் குடியேற இடத்தைப் பதப்படுத்துகின்றன, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் மழுங்கடிக்கின்றன என்றேன். யோசித்துவிட்டுக் கையை நீட்டினார்.

"அப்ப முன்னுக்கே ஆள் விட்டு வயல் வட்டைய உழுதுபோட்டுத்தான் விதைக்க வாறான். நம்மளவிட நல்ல வெள்ளாமைக்காரன்கா!"

தனிக் கோப்பை

நுண்பை என்றால் பலருக்கு விளங்குவதில்லை. அதனால் எங்கள் டாக்டர், "கட்டி பார்சல் அனுப்புது" என்று சொல்லத் தொடங்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். காத்தான்குடி சபீனாவும் ஆட்டினாள். சின்ன வயது, மார்பில் கட்டி, கணவன் கட்டாரில் வேலை.

அடுத்த கிளினிக்குக்கு வாடிப்போய் வந்தாள். கூட வந்த தங்கை என்னைத் தனியே கூப்பிட்டு அழுதாள். வீட்டில் சபீனாவுக்குத் தனிக் கோப்பையாம், தனிப் பாயாம். மூன்று வயது மகளைத் தூக்குவதே இல்லையாம். பிள்ளை கதவடியில் நின்று கத்துமாம். ஏன் என்று சபீனாவிடம் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பார்சல் எண்டா ஒரு ஊட்ட இருந்து இன்னொரு ஊட்டுக்குத்தானே மிஸி போகும்? எங்கட அவரு அனுப்புறதெல்லாம் புள்ளைக்குத்தான் வருது. இதும் அவளுக்குப் போயிருமெண்டு பயந்துட்டன்."

வெளியே போகாது

ஊசியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இந்தப் பார்சல் உங்கட உடம்புக்குள்ளதான் சுத்தும். கொஞ்சினாலோ, ஒரே கோப்பையில தண்ணி குடிச்சாலோ புள்ளைக்குப் புற்றுநோய் தொத்தாது" என்றேன். டாக்டரையும் கூப்பிட்டுச் சொல்ல வைத்தாள். பிறகும் ஒருமுறை, "அல்லாவுக்காகச் சொல்லுங்க மிஸி" என்று என் கையைப் பிடித்தாள். சொன்னேன்.

அவளுடைய நோய் அப்படியேதான் இருந்தது. மருந்தும் இன்னும் ஏற வேண்டியிருந்தது. ஆனாலும் எழுந்துபோய், வெளியே மர வாங்கில் தங்கையோடு உட்கார்ந்திருந்த மகளை அள்ளித் தூக்கிக் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். விடுவதாக இல்லை. கடைசியில் பிள்ளைதான் காலை உதைத்தாள்:

"உடுங்க உம்மா, மூச்சு முட்டுது!"

கட்டி அனுப்புவது எங்கே போகிறது என்று பார்க்க எங்களிடம் மெஷின் இருக்கிறது, நாங்கள் சொல்லி அனுப்புவது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்கத்தான் ஒன்றும் இல்லை.