பாஸ்டரும் நானும் ஒரே நாற்காலியும்

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை. தமிழ்ப் பள்ளியின் கார் பார்க்கில் செயலாளர் என்னை நிறுத்தினார். "சார், சமூகப் பிரதிநிதி இடத்துக்கு இன்னொருத்தரும் பேர் குடுத்திருக்காரு" என்றார்.

யார் என்று நான் கேட்கவில்லை. சற்றுத் தள்ளி ஒரு வெள்ளை வேன் நின்றிருந்தது. அதிலிருந்து பிள்ளைகள் குதித்து இறங்க, பாஸ்டர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பையை மறந்த ஒருத்தியைத் திரும்ப வேனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

எங்கள் பள்ளி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புலம்பெயர்ந்து வந்த தமிழர்களின் பிள்ளைகளுக்காக, வெஸ்ட்மீட் பக்கம், ஓர் அரசுப் பள்ளியின் வகுப்பறைகளைச் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்து நடக்கிறது. நடத்துவது பெற்றோர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு. அதில் 'சமூகப் பிரதிநிதி' என்று ஒரே ஓர் இடம் உண்டு. பிள்ளைகள் படித்து முடித்துப் போன பிறகும் பள்ளியையே சுற்றிச் சுற்றி வரும் என்னைப் போன்றவர்களுக்கென்றே வைத்தது போல!

அந்த இடத்தின் மேல் எனக்கு ஆசை. மறைப்பானேன்? பள்ளியின் ஆண்டு மலரில் வருடா வருடம் பள்ளியின் வரலாற்றை எழுதுவது நான்தான். முதல் வகுப்பு எந்த மாதம் தொடங்கியது, எந்தத் தலைவருக்குப் பின் எந்தத் தலைவர் வந்தார்... இரண்டு பேரிடமாவது கேட்டுச் சரிபார்க்காமல் ஒரு தேதி போட மாட்டேன். அந்த வரலாற்றில் எல்லார் பெயரும் இருக்கிறது. என் பெயர்? கட்டுரைக்குக் கீழே, சின்ன எழுத்தில். ஒரு தடவையாவது கட்டுரைக்கு உள்ளே வரவேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

பாஸ்டர் மன்னார்க்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் மெரிலேண்ட்ஸில் ஒரு ஹாலில் தமிழ்ச் சபை நடத்துகிறார். மற்ற நாட்களில் விசாவுக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு மனு எழுதுவார், எம்.பி. ஆபீஸ் வாசலில் பதாகையோடு நிற்பார். சனிக்கிழமையும் வேலைக்குப் போக வேண்டிய பெற்றோரின் பிள்ளைகளை வேனில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டு வருவார். அவர்களுக்காகப் பேசக் குழுவில் ஒரு குரல் வேண்டும் என்பதற்காகத்தான் நிற்கிறாராம்.

அவர் முதன்முதலில் வந்தது போன வருடம் மூன்றாம் டெர்ம் தொடங்கிய முதல் சனிக்கிழமை. அன்று நல்ல மழை. பிடித்தவர்கள் வந்த நாளைவிடப் பிடிக்காதவர்கள் வந்த நாள்தான் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது.

பிடிக்காது என்றால்... அந்த மனிதரைப் பிடிக்காமல் போக ஒரு காரணமும் கிடையாது. அதுதான் பிரச்சினையே. கெட்டவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் கொஞ்சம் நியாயமாவது ஒட்டிக்கொள்ளும். நல்லவரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனுக்கு யார் துணை?

நெற்றி நிறைய விபூதியோடு வரும் ஈழத்து அன்ரிமார்கூட அவரை மறித்து, "பாஸ்டர், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று கையில் கொடுப்பார்கள். பக்கத்தில் நானும்தான் நிற்பேன். எனக்கு டீ இருக்கும் மேஜையைக் காட்டுவார்கள்.

பொறாமையால் அழிந்த மன்னர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். யார், எந்த நூற்றாண்டு எல்லாம் சொல்வேன். ஒன்றும் உதவவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. "ஓட்டுன்னு வந்தா அவருக்குத்தாங்க விழும். நானே அவருக்குத்தான் போடுவேன்."

எனக்கு ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. எங்கள் சங்கங்களில் வாக்கெடுப்பு என்றாலே அசிங்கம். கூட்டத்துக்கு முன்பே யாராவது யாரிடமாவது பேசி, ஒருவரை விலக வைத்துவிடுவார்கள். மேடையில் 'ஏகமனதாக' என்று அறிவிப்பார்கள். எனக்காக யாராவது பாஸ்டரிடம் பேசுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் பேசவில்லை.

போன வாரம் வியாழக்கிழமை மாலை போன் வந்தது. பாஸ்டரே கூப்பிட்டார்.

"அண்ணை, நீங்களும் நிக்கிறியள் எண்டு இப்பதான் கேள்விப்பட்டனான். எவ்வளவு காலமா இந்தப் பள்ளிக்கூடத்துக்குச் செய்யிறியள். நான் விலகிறன். நீங்கள் நில்லுங்கோ."

"நன்றி பாஸ்டர்" என்று சொல்லி வைத்திருக்கலாம். ஆனால் நான் திருச்சியில் வளர்ந்தவன். ஒருவர் வீட்டுக்குப் போனால், எவ்வளவு தலைவலி இருந்தாலும், காபி வேண்டுமா என்றதும் "வேண்டாங்க" என்பதுதான் மரியாதை. கேட்டவர் விடமாட்டார். மறுபடி கேட்பார். மறுபடியும் மறுப்போம். மூன்றாம் தடவை, "சரி, அரை டம்ளர் போதும்."

"சேச்சே, என்ன பாஸ்டர் இது... நீங்க இருக்கும்போது நானா? நான் விலகிக்கிறேன். நீங்களே இருங்க" என்றேன்.

"மெய்யாவோ அண்ணை?"

இரண்டாம் தடவை. எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்தது. "மனசாரத்தாங்க சொல்றேன்."

"கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார். பெரிய உதவி அண்ணை. வைக்கிறன்."

வைத்துவிட்டார்.

நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளரின் அறிவிப்பு வந்தது — நான் பெருந்தன்மையோடு விலகிவிட்டேனாம். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

"திரும்பக் கேப்பாருன்னு நினைச்சீங்களாக்கும்?" என்றாள் மனைவி. "அவரு இமிக்ரேஷன்காரங்ககிட்டப் பேசிப் பேசிப் பழகினவருங்க. அங்கெல்லாம் வேண்டாம்னா வேண்டாம்தான்."

சனிக்கிழமை பொதுக்கூட்டம். பாஸ்டர் ஏகமனதாகத் தேர்வானார். மைக்கைப் பிடித்து முதலில் என்னைத்தான் காட்டினார். இது தாம் வென்ற இடம் இல்லை, அண்ணை தந்த இடம் என்றார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. நடிப்பு என்று நினைத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றேன். முடியவில்லை.

மண்டபமே திரும்பி எனக்குக் கை தட்டியது. பக்கத்து நாற்காலியில் இருந்த அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

மரியாதைக்காக எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம்தான். அன்று சொன்னது முழு உண்மை. அன்ரி நம்பவே இல்லை.