ஏழாம் பக்கத்துச் சதுரம்

மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் பள்ளியில் யாருக்கும் நினைவில் இல்லை. எல்லோருக்கும் அவள் லிங்க் டீச்சர்தான். 'நாளைக்குப் பின்னம் நடத்தணும், ஏதாவது இருக்கா?' என்று யாராவது வாய் திறந்தால் போதும், அவர்கள் டீயை ஆற்றிக் குடிப்பதற்குள் ஃபோனில் நாலு லிங்க் வந்து விழும்.

பதினொரு வருஷமாக இதே பைத்தியம். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த இணையத்தில் இலவசமாக என்னென்ன கிடைக்கிறது என்று தேடித் தேடி ஒரு நீள நோட்டில் எழுதிவைப்பாள். பச்சைக் கோடு போட்டால் நல்ல சரக்கு. சிவப்புக் கோடு போட்டால், நடுவில் விளம்பரம் வந்து உயிரை எடுக்கும் சரக்கு. எதுவானாலும் முதலில் வீட்டில் ஒத்திகை. ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் கணவர் வேலை முடிந்து கை கழுவியதும் எட்டு வயதுப் பையனாகிவிட வேண்டும்.

"தப்பா பதில் சொன்னா என்ன வருதுன்னு பாக்கணும். தப்பா அழுத்துங்க."

"அதுக்குன்னே என்னைக் கட்டிக்கிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே அந்த மனுஷன் தப்பாக அழுத்துவார்.

அந்த வருஷம்தான் அவளுக்கு முதல் முறையாக ஒரு பெரிய வேலை கிடைத்தது. இரண்டு வார விடுமுறைக்கு, ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லா வகுப்புக்கும் சேர்த்து ஒரு செயல்பாட்டுப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு வேலை, அவற்றில் பதினாலு பக்கங்களில் மட்டும் ஒரு கியூஆர் சதுரம். பெற்றோர் ஃபோனை அதன்மேல் காட்டினால் கதையோ விளையாட்டோ திறக்கும். தலைமையாசிரியைக்கு இதில் அரை மனசுதான்.

"செய்ங்க. ஆனா ஒரே ஒரு புகார் வந்தாலும் அதோட சரி. அப்புறம் இந்தப் பள்ளிக்கூடத்துல லிங்க்குன்ற பேச்சே கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது லிங்க் டீச்சருக்குத் தெரியும். அச்சுக்குக் கொடுக்கும் முன் பதிமூன்று சதுரங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பதினாலாவதைப் பார்க்கவில்லை. ஏழாம் பக்கத்தில் இருந்த அந்தக் கதைத்தளம்தான் அவள் நோட்டில் எழுதிய முதல் முகவரி. கட்டின புருஷன் வீட்டில் இருக்கிறாரா என்று யாராவது தினமும் எழுந்து சரிபார்ப்பார்களா? அது பாட்டுக்கு இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

விடுமுறைக்கு முந்தின நாள் காலையில் நூற்று அறுபது புத்தகங்களும் வகுப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மதியம் சாப்பிட்ட கையோடு, ஒன்றாம் வகுப்பு டீச்சர் "அந்தச் சதுரத்தை எப்படித் திறக்கறது, எனக்கும் காட்டேன்" என்றாள். லிங்க் டீச்சர் பெருமையாக ஏழாம் பக்கத்தை விரித்து ஃபோனைக் காட்டினாள்.

கதை வரவில்லை. ஒரு சக்கரம் சுழன்றது. தங்க நாணயங்கள் குதித்தன. 'சுழற்றுங்கள், வெல்லுங்கள், முதல் ஆட்டம் இலவசம்' என்று கொட்டை எழுத்தில் மின்னியது. கீழே வங்கிக் கணக்கு எண் கேட்டது.

"இது என்ன விளையாட்டு?" என்றாள் ஒன்றாம் வகுப்பு டீச்சர், வெள்ளந்தியாக.

"சூதாட்டம்" என்றாள் லிங்க் டீச்சர். கதைத்தளத்தை நடத்தியவர் முகவரிக்குப் பணம் கட்டிப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார். வேறு எவனோ அதை வாங்கிக் கடை விரித்திருக்கிறான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மணி ஒன்று. மூன்று மணிக்குப் பள்ளி விடும். நூற்று அறுபது புத்தகங்களில் நூற்று அறுபது சக்கரங்கள்.

"பிள்ளைங்ககிட்ட அதைத் திறக்காதீங்கன்னு சொல்லிடலாமே?"

"சொன்னா வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா அதைத்தான் திறக்கும். உங்க ஒண்ணாம் வகுப்பு உங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிடலாம்."

"பிள்ளைங்க உரிச்சு நெத்தியில ஒட்டிக்கும்."

திரும்ப வாங்கினால் ஏன் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் தலைமையாசிரியையின் காதுக்குப் போகும். பதினொரு வருஷம் பச்சைக் கோடு போட்டதெல்லாம் ஒரே மதியத்தில் குப்பைக்குப் போகும். அவள் கை, பழக்கதோஷத்தில், மேசைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தது.

ஒன்றேகாலுக்கு ஐந்தாம் வகுப்பில் நின்றாள். "எல்லாரும் புத்தகத்தை எடுங்க. ஏழாம் பக்கத்துல ஒரு ரகசிய ஜன்னல் இருக்கு. அந்தக் கறுப்புச் சதுரத்தை வெட்டி என்கிட்ட கொடுக்கணும். அப்புறம் லீவுல தினமும் அந்த ஓட்டை வழியா ஒரு இடத்தைப் பாத்து, தெரியறதை மட்டும் எழுதணும். தெரியாததை எழுதக்கூடாது."

வாயில் வந்ததைச் சொன்னாளே தவிர, யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் பிடித்துக்கொண்டன. முதல் சதுரம் கைக்கு வருவதற்குள் நாலு பேர் ஓட்டை வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாம் வகுப்பில் ஒருத்தி மட்டும் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், பின்பக்கம் யானைக்கு வயித்துல ஓட்டை விழுந்துடுச்சு."

"அதுக்குப் பசிம்மா. நீ சீக்கிரம் வெட்டு."

இரண்டாம் வகுப்பில் கத்தரிக்கோல் பத்தவில்லை. ஒன்றாம் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு அவளே வெட்டிக்கொடுத்தாள். கட்டைவிரலில் கொப்புளம். வராத பிள்ளைகளின் புத்தகங்கள் அலமாரியில் இருந்தன, அவற்றையும் வெட்டினாள். இரண்டு ஐம்பதுக்கு ஆசிரியர் அறையில் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, இரண்டு பேரும் சதுரங்களைப் பத்துப் பத்தாக அடுக்கினார்கள்.

நூற்று ஐம்பத்தொன்பது.

மறுபடி எண்ணினார்கள். நூற்று ஐம்பத்தொன்பதுதான்.

லிங்க் டீச்சர் ஒவ்வொரு வகுப்பின் வருகைப் பதிவாகப் புரட்டினாள். இரண்டாம் வகுப்பில் காலையில் வந்திருந்த ஒரு குட்டிப் பெண்ணை, காய்ச்சல் என்று மதியம் அம்மா வந்து அழைத்துப் போயிருந்தாள். புத்தகத்தோடு.

"ஒண்ணுதானே, விடு. திறக்கவே மாட்டாங்க" என்றாள் ஒன்றாம் வகுப்பு டீச்சர்.

விட்டுவிடத்தான் மனசு ஆசைப்பட்டது, பொய் சொல்லக்கூடாது. பெற்றோர் ஃபோன் எண்கள் எல்லாம் தலைமையாசிரியை அறையில் இருக்கும் பதிவேட்டில். யார் பேசினாலும் அங்கிருந்து, அவர் முன்னால்தான் பேச வேண்டும். அந்த ஒரு வீட்டுக்குச் சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மூன்று மணி அடித்தது. பிள்ளைகள் காட்டுக்கூச்சலோடு வெளியே ஓடின. அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தாள்.

அவள் நடந்ததை எல்லாம் சொல்ல, தலைமையாசிரியை முழுக்கக் கேட்டார். டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து, எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, ஃபோனை அவள் பக்கம் தள்ளினார்.

"நீங்களே பேசுங்க."

ரிங் போய்க்கொண்டே இருந்தது. பின்னணியில் தையல் மெஷின் சத்தத்தோடு ஒரு குரல் கேட்டது. "யாரு?"

"அம்மா, நான் ஸ்கூல்லருந்து மூணாம் வகுப்பு டீச்சர். பாப்பாவோட லீவு புத்தகத்துல ஏழாம் பக்கத்துல..."

"ஐயோ டீச்சர், நானே கேக்கணும்னு இருந்தேன்" என்று குரல் குறுக்கே வந்தது. "எங்க வீட்ல பட்டன் ஃபோன்தான். அந்தக் கட்டம் போட்ட பக்கமெல்லாம் எப்படிச் செய்யறதுன்னு காய்ச்சலோட அழுதுட்டிருக்கா. செய்யலேன்னா டீச்சர் திட்டுவாங்களாம். அதுக்குன்னு ஒரு ஃபோன் வாங்கித்தான் ஆகணுமா டீச்சர்?"

பதினொரு வருஷத்தில் எத்தனை தளங்களைத் திறந்து பார்த்திருக்கிறாள். ஒரு வீட்டில் ஃபோன் இருக்கிறதா என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாளா? சூதாட்டச் சக்கரத்தைப் பார்த்தபோது பயம்தான் வந்தது. இப்போது வந்தது வெட்கம். தலைமையாசிரியை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வேண்டாம்மா" என்றாள் ஒருவழியாக. "தப்பு என்னோடது. ஏழாம் பக்கத்துக் கட்டத்துல ஒரு மோசமான பக்கம் வந்துடுச்சு. நான் சரிபாக்காம விட்டுட்டேன். யார் ஃபோன்லயும் அதைத் திறக்காதீங்க. அந்தக் கட்டத்தை வெட்டி எடுத்துடணும். வீட்ல கத்தரிக்கோல் இருக்கா?"

"நான் டெய்லர் டீச்சர். கத்தரிக்கோலுக்கா பஞ்சம்?"

"அப்ப ஃபோனைப் பாப்பாகிட்ட கொடுங்க, நானே சொல்றேன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. லிங்க் டீச்சர் ஜன்னல் கதையை, இந்தத் தடவை யோசித்து, நிதானமாகச் சொன்னாள். மற்ற கட்டங்கள் இருக்கும் பக்கங்களை விட்டுவிடலாம், யாரும் திட்ட மாட்டார்கள் என்றும் சொன்னாள். அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. கத்தரி தாளில் ஓடுவது அறை முழுக்கக் கேட்டது.

"வெட்டிட்டேன் டீச்சர்."

"என்ன தெரியுது?"

தாள் சரசரத்தது.

"அம்மா மூக்கு" என்றாள் குட்டிப் பெண். "அவ்ளோதான் தெரியுது. எழுதட்டுமா?"

"எழுது" என்றார் தலைமையாசிரியை, ஃபோனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.