கீத்தின் மேப்பிளில் கட்டிய வலை

இந்த வெள்ளைக்கார நாட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மரத்தையும் ஆள் பார்த்து ஒப்படைத்துவிட்டுத்தான் போகிறார்கள். பக்கத்து வீட்டுக் கீத் இடுப்பு ஒப்பரேஷனுக்குப் போகுமுன், பூச்சாடியில் நின்ற தன் ஜப்பான் மேப்பிள் மரத்தை என் பொறுப்பில் விட்டார். நெஞ்சளவு உயரம், விரல் விரித்த மாதிரிச் சிவந்த இலைகள். மகள் பிறந்த வருஷம் வைத்ததாம். அந்த மகள் இப்போது நியூசிலாந்தில். “நீதானே விவசாயி” என்றார். இருபது வருஷமாக வேலிக்கு மேலால் நான் அடித்த பெருமையெல்லாம் அன்று சாடியாக வந்து என் முற்றத்தில் இறங்கியது.

பெருமையில் பொய் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கள் ஊர் புன்னாலைக்கட்டுவன் செம்மண்ணில் பதினாலு வயதில் புகையிலையும் மிளகாயும் வைத்துக் காட்டியவன். குரோய்டன் குடிவரவுக் கந்தோர் வாசலில் அகதியாக வரிசையில் நின்றவன், இன்று இங்கே குட்மேய்ஸில் இரண்டு கடைக்கு முதலாளி. இந்தக் குளிர் நாட்டிலும் கண்ணாடிக் கொட்டிலில் பச்சை மிளகாய் காய்க்க வைக்கிறேன். எனக்கு ஒரு சாடி மரம் பெரிய காரியமா?

மழையே இல்லாத வெயில் வாரம் அது. ஊர்ப் பழக்கத்தில் இலையை நனைக்காமல் அடியில் மட்டும் தண்ணீர் விட்டேன். நாலாம் நாள் காம்புகளுக்கு நடுவே மெல்லிய வலை தெரிந்தது. எனக்குச் சந்தோஷம். மிளகாய்த் தோட்டத்தில் சிலந்தி வலையை நாங்கள் கலைப்பதில்லை. அது பூச்சியைப் பிடித்துத் தின்னும். மனைவிதான் தும்புத்தடியோடு வந்தாள்.

“இஞ்சேருங்கோ, மரம் முழுக்க ஒட்டறை. தட்டிவிடட்டே?”

“தொடாதையும். சிலந்தி காவல் நிக்குது. உமக்குத் தோட்டம் தெரியுமே?”

பத்து நாளில் இலையெல்லாம் ஊசியால் குத்தியதுபோல வெளிறிய புள்ளி. ஓரம் கருகி உதிரத் தொடங்கியது. கீத் திரும்பிவர இரண்டு கிழமைதான் இருந்தது. ஒரு கிளையை வெட்டிப் பையில் கட்டிக்கொண்டு செடி விற்கும் கடைக்கு ஓடினேன்.

கையெல்லாம் மண்ணாக நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மா, வெள்ளைக் கடதாசி ஒன்றை விரித்து, அதன்மேல் இலையைத் தட்டினார். தூசி விழுந்தது. பிறகு அந்தத் தூசி நடந்தது! பூதக்கண்ணாடியைத் தந்தார். கண்ணாடி போன்ற உடம்பு, எட்டுக் கால், இரண்டு பக்கமும் கறுத்த புள்ளி. புள்ளி அல்லவாம், குடித்த இலைச்சாறு உடம்புக்குள்ளால் தெரிகிறதாம். மிளகாயைச் சுருட்டும் சிற்றுண்ணி எனக்குத் தெரியும். மேப்பிளில் வலை கட்டியது சிலந்தி அல்ல, இதுதானாம். வலை கட்டும் சிற்றுண்ணியை அறுபத்தெட்டு வயதில்தான் கண்டேன். மூச்சு விட்டால் பறந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

நல்ல கடுமையான மருந்து கேட்டேன். தலையாட்டி மறுத்தார். நானும் கடைக்காரன்தானே, பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்து, “ஒருவருக்கும் சொல்லமாட்டேன்” என்று மெதுவாகச் சொன்னேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். மருந்தடித்தால் இதைத் தின்கிற உயிர்களும் சாகும், பிறகு இது இன்னும் பெருகும் என்று விளங்கப்படுத்தினார்.

மோசமான இலைகளை வெட்டிப் பையில் கட்டி எறிந்தேன். சாடியை மிளகாயிலிருந்து விலக்கி நிழலில் வைத்தேன். காலை தோறும் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். ஒரு கிழமை கழித்து, அந்த அம்மாவிடம் வாங்கிவந்த சின்னக் குழாயைத் திறந்து, உமியோடு கலந்திருந்த, சிற்றுண்ணியைத் தின்னும் செம்மஞ்சள் உயிர்களை இலைகளில் தூவினேன்.

“பூச்சியைக் காசு குடுத்து வாங்கின முதலாளி உலகத்திலையே நீங்கள் ஒராள்தான்” என்றாள் மனைவி. பிறகு, நான் கடையில் வாங்கிவந்த பூதக்கண்ணாடியைப் பறித்து அவளே குனிந்தாள். “ஐயோ, என்ன ஓட்டம் ஓடுது! பிடிச்சிட்டுது, பிடிச்சிட்டுது!” அன்று சோறு அடிப்பிடித்தது.

கீத் வந்தபோது மரத்தில் பாதி மொட்டை. ஆனால் நுனிகளில் சிவப்புத் துளிர். வெயில் கருக்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார். வாய்வரை வந்தது. பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன். “எனக்குத் தெரியவில்லை, கீத். வலையைக் கண்டேன், நல்லது என்று விட்டுவிட்டேன்.” ஊன்றுகோலில் சாய்ந்தபடி வெகுநேரம் இலையின் அடியைப் பார்த்தார். “ப்ளடி ஹெல்” என்றார் மெதுவாக. பிறகு, “எனக்கு இனிக் குனிய ஏலாது. உன்னிடமே நிற்கட்டும்” என்றார்.

ஊரில் என் காணியைத் தவம் என்ற பெடியன் பார்க்கிறான். தொலைபேசியில் எப்போதும் ஒரே பதில்: “எல்லாம் நல்லம் அண்ணை.” முன்பு அதோடு வைத்துவிடுவேன். இப்போது, “இலையைத் திருப்பிப் பாத்தனியோ?” என்று கேட்கிறேன். “பொறுங்கோ அண்ணை, பாத்திட்டு வாறன்” என்று அவன் வரம்பில் நடக்கும் சத்தம் காதில் கேட்கும். அவன் திரும்பி வரும்வரை, குட்மேய்ஸில், கீத்தின் மேப்பிள் இலை ஒன்றைத் திருப்பிப் பிடித்தபடி நான் நிற்பேன்.