காலண்டர் கை

சித்திரை வெயிலிலும் அக்கா முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டதுதான் முதல் அறிகுறி. எங்களுக்கு அது நோயாகத் தெரியவில்லை. நாகரிகம் என்று நினைத்தோம்.

போத்தனூரிலிருந்து மில்லுக்கு நூல் சுற்றும் வேலைக்குப் போனவள் அக்கா. மில் காலண்டருக்குச் சேலை கட்டி நிற்க அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். காங்கேயம் எண்ணெய்க் கடைகள் வரைக்கும் அவள் முகம் சுவரில் தொங்கியது. முழுக்கை வைத்த படம் வந்த பிறகு, பெண்கள் தையல்காரரிடம் ‘காலண்டர் கை’ என்றே கேட்டுத் தைத்துக்கொண்டார்கள்.

அந்தப் படத்துக்கு முன்பே அவளுக்குச் சிறுநீரகக் கல் வலி கண்டிருந்தது. போட்டோ விளக்குச் சூட்டில் நிற்க முடியாமல் துடித்தவளுக்கு ஒரு கம்பவுண்டர் பெத்திடின் (வலியை அடக்கும் மருந்து, அபினைப் போல் பழகிவிடும்) போட்டார். வலி நின்றது. ஊசி நிற்கவில்லை.

அம்மாவுக்கு அதில் பெருமை. எங்களவர்களுக்கு ஊசிதான் உசத்தியான வைத்தியம். மாத்திரை எல்லாம் சும்மா. கம்பவுண்டருக்குப் புது வெள்ளி டம்ளரில் காப்பி கொடுத்துவிட்டு, “எங்க அம்மணிக்கு ஊசி ஊடு தேடி வருதுங்க” என்று அக்கம்பக்கத்தில் சொல்வாள்.

வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். ஊசி தாமதமானால் அக்கா நடுங்குவதைப் பார்த்து, உடைந்த மருந்துக் குப்பியை எடுத்துக்கொண்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா குப்பியில் இருந்த மருந்தின் பெயரைப் படித்தார்.

“கல்லு வலி எப்பவோ நின்னிருக்கும், தம்பி. இப்ப இது இல்லைன்னாத்தான் வலிக்கும். கூட்டிட்டு வாங்க.”

வார்டில் அவளுக்கு வாந்தி, ஓயாத கொட்டாவி, வியர்வை (மருந்து நின்றதும் உடம்பு அதைக் கேட்கும் அடையாளங்கள்). கூட இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வாந்தியைத் துடைத்துவிடலாம். கெஞ்சலைத்தான் தாங்க முடியாது.

“ஒண்ணே ஒண்ணு, கண்ணு. நாளைக்குப் போட்டோ இருக்குது.”

“வேற பொண்ண எடுத்துட்டாங்கக்கா.”

“படிச்ச படிப்புக்குப் பொய் வேற சொல்றயா?”

நான் சொன்னது உண்மை. அது தெரிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நடுக்கம் தணிந்திருந்த ஒரு மதியம், பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க வந்த பவானிக்காரப் பெண் அக்காவையே உற்றுப் பார்த்தாள்.

“ஏனுங்க, நீங்க காலண்டர்ல இருக்கறவங்கதானுங்களே? உங்களப் பாத்துத்தானுங்க நானும் இந்தக் கை வெச்சுத் தெச்சேன்.”

அக்கா எழுந்து உட்கார்ந்து, ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். கருத்துத் தடித்த நரம்பு, ஆறாத புண்கள்.

“இத மறைக்கத்தானுங்க நான் வெச்சேன்.”

அந்தப் பெண் தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வீடு திரும்பியபின் ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டாள். மறுபடி அதே வார்டு. குணமாகிவிட்டாள் என்று இப்போதும் எழுதத் துணிவில்லை. கடைவீதியில் காலண்டர் கை போட்ட பெண்கள் எதிரே வந்தால், தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறாள்.

எங்கள் வீட்டில் இப்போது காலண்டர் மாட்டுவதில்லை. காலையில், “இன்னிக்கு என்ன கெழமை, தம்பி?” என்று என்னைத்தான் கேட்கிறாள். சொன்னதும் குட்டைக்கை ரவிக்கையோடு வாசலுக்குப் போய், இடது கையை வெயிலில் நீட்டிப் பார்க்கிறாள். புதிய ஊசிப் புள்ளி இல்லை என்றால் உள்ளே வந்து அடுப்பைப் பற்ற வைக்கிறாள். அடுத்த கிழமையைப் பற்றி எங்களில் யாரும் பேசுவதில்லை.